மீதி அதுக்கு

இன்று காலை வேர் ஊறவைத்த அண்டாவின் மூடியைத் திறந்ததும் நன்னாரி வாசனை முகத்தில் அடித்தது. பழக்கதோஷத்தில், "வா, ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போ" என்று வாசல் பக்கம் திரும்பி உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

திண்டிவனத்தில் நான் சர்பத் கடை போட்டது தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில். அப்போதுதான் நீ வந்தாய், தலையில் வேர்க்கட்டோடு. இருளர் குடியிருப்பிலிருந்து வருவதாகச் சொன்னாய். நம்மில் யார் மூத்தவள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனாலும் நீ முந்திக்கொண்டு என்னை அக்கா ஆக்கிவிட்டாய். அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

வேர் எப்படி எடுக்கிறாய் என்று பார்க்க ஒருமுறை உன்னோடு குன்றடிக் காட்டுக்கு வந்தேன். நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் இலையைக் கண்டதும் உட்கார்ந்து தோண்டினாய். பக்கவேரை மட்டும் அறுத்தாய். கொடியும் தாய்வேரும் நின்ற குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தாய். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் போல, "வந்துடு, இன்னா?" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குக் காது இருக்கிறதா என்று கேட்டேன். நீ அடுத்த கொடிக்குப் போய்விட்டாய்.

அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்த்தது. வெளியூர் வியாபாரி ஒருவன் லாரியோடு வந்து, எவ்வளவு வேர் கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றான். ஆட்கள் கடப்பாரையோடு போய்க் கொடியை மூட்டோடு பிடுங்கினார்கள். நீயோ கோடை தொடங்கும் நேரத்தில் வழக்கத்தில் பாதிதான் கொண்டுவந்து இறக்கினாய். சர்பத்தை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. மீதி எங்கே என்று கத்தினேன்.

"மீதி அதுக்குக்கா. உன் கடை ரெண்டு மாசம் மூடிக்கினு கெடந்தா அப்பறம் தொறந்துக்கலாம். அது போச்சின்னா போனதுதான்."

எசென்ஸ் ஊற்றிச் சமாளித்துக்கொள்கிறேன், இனிமேல் நீ வரவே வேண்டாம் என்றேன். நீ நகரவில்லை. என் அண்டாவையே இழுத்துப் போட்டு வேரைக் கழுவ ஆரம்பித்தாய். திமிர் பிடித்தவள். அந்தக் கோடையில் வேர் இருந்தவரை கடை நடந்தது. பிறகு கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் மல்லாட்டைக் கடலை உரிக்கக் கூலிக்குப் போனோம்.

மழை வந்த பிறகு போய்ப் பார்த்தோம். லாரிக்காரனுக்குப் பிடுங்கின பக்கமெல்லாம் வெறும் பள்ளம். நீ மிதித்துவிட்டு வந்த இடங்களில் கொடி எழுந்து புதர்மேல் ஏறியிருந்தது. நீ ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. பேசியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

காய்ச்சல் என்று படுத்த உன்னை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு கொண்டுவர முடியவில்லை. உன்னைப் புதைத்தபோது எல்லோரையும் போல நானும் ஒரு பிடி மண் போட்டேன். எங்கள் மாதா கோயில் கல்லறையில் என்றால் அத்தோடு நகர்ந்துவிடுவோம். அன்றைக்கு என் கால் நகரவில்லை. காலால் மிதிக்க மனம் வராமல், உட்கார்ந்து மண்ணைக் கையால் அழுத்தினேன். என்னை அறியாமல், "வந்துடு, இன்னா?" என்று வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது அவளும் நானும்தான் வேர் எடுக்கிறோம். முட்டி வலியோடு ஒவ்வொரு குழியையும் மூடி மிதித்து, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். கொடிக்குக் காது இருக்கத்தான் இருக்கிறது. மழை விழுந்தால் வந்துவிடுகிறது. நீதான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறாய்.