நகம் பிளந்த கட்டைவிரல்

என் சென்றாயா, மச்சான்,

உனக்காக அழுது முடித்துவிட்டேன். இது அதற்கான கடிதம் இல்லை. உன் பெயரை அழித்த ஆளை என்ன செய்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் ஓசூர் கம்பெனியில் நீ எடுத்துச் சேர்த்த படங்கள் ஞாபகம் இருக்கிறதா? வார்ப்பில் விழும் ஓட்டை, விரிசல், மணல் ஒட்டல். ஒவ்வொன்றுக்கும் குறையின் பெயர், எடுத்தவர் பெயர் என்று டேக் போட்டு வைத்தாயே. புதிதாக வருகிறவர்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சூளகிரி ரோட்டில் லாரி உன்னை இடித்த மறுமாதம், நம் குவாலிட்டி மேனேஜர் தான் எடுத்த ஏழெட்டுப் படங்களுக்கு டேக் போட உட்கார்ந்தார். மொத்தமும் செலக்ட் ஆகியிருப்பதைப் பார்க்காமல் ஓகே தட்டினார். ஒரே தட்டில் எல்லாப் படமும் 'விரிசல்' ஆனது. எல்லாவற்றையும் எடுத்தவர் அவர் ஆனார்.

அது கைத்தவறு. யாருக்கும் வரும். அதற்கப்புறம் பேசியதைத்தான் நான் விடமாட்டேன்.

"மாதேஷு, ஆடிட் வருதுப்பா. குறை பேரெல்லாம் பழையபடி மாத்திடு. எடுத்தவன் பேரு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"அது சென்றாயன் எடுத்தது சார்."

"செத்தவன் பேரு இருந்து என்னா பண்ணப் போவுது? அவன் வந்து ப்ரொமோஷன் கேக்கப் போறானா?"

பக்கத்து சீட் மஞ்சுநாத், "பிடு குரு" என்று கன்னடத்தில் விட்டுவிடச் சொல்லி என் கையை அழுத்தினான். விட்டுவிடுகிற ஆளா நான்?

அன்டூ வேலை செய்யவில்லை. அந்த ஆள் சாஃப்ட்வேரை மூடிவிட்டார். ஆனால் ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துச் சந்தனம் வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுப்போமே. எல்லாரும் பூசணிக்காய் உடைக்கப் போன நேரத்தில், "காப்பி எடுத்துட்டுப் போடா" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தது நீதானே? அந்தக் காப்பியிலிருந்து பழைய டேக்குகளை இறக்கினேன். முதலில் நாலைந்து படத்தில் முயன்று பார்த்து, பிறகுதான் மொத்தத்திலும். அந்த ஆளுக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

பூஜைக்குப் பிறகு எடுத்தவை மிச்சம். டிபார்ட்மென்டுக்கே ஒரே போன். யார் எடுத்தது என்று அது சொல்லாது. உன் கெட்ட பழக்கம்தான் சொன்னது. "ஸ்கேல் வைடா எருமை" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்? அளவு தெரிய நீ குறைக்குப் பக்கத்தில் உன் இடது கட்டைவிரலைத்தான் வைப்பாய். பர்கூரில் படித்தபோது சுத்தியல் விழுந்து நகம் பிளந்த அதே விரல். நீ எடுத்த ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. சாப்பாட்டு நேரமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் தின்றேன். உன் முகத்தைவிட அந்த விரல்தான் இப்போது எனக்குப் பழக்கம். அது உனக்குத் தெரியுமா?

ஆடிட் அன்று பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் மேடம் பெரிய திரையில் உன் படங்களைப் பார்த்துப் பாராட்டினார். எடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயர். மேனேஜர் முகம் சுண்டிப்போனது.

"அது சிஸ்டம் தப்பு மேடம். எல்லாம் நான் எடுத்ததுதான்."

இதற்காகத்தான் காத்திருந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன்.

"சார், உங்க இடது கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டுங்க."

கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டார். மேடம் அந்தப் பாக்கெட்டையே பார்த்தார். மஞ்சுநாத் இருமுகிற மாதிரி சிரித்தான்.

ஆள் இன்னும் அதே சீட்டில்தான் இருக்கிறார். என்னைத்தான் உலைப் பக்கம் தூக்கிப் போட்டார். வெந்து ஓடிவிடுவேன் என்று நினைப்பு. நான் போவதற்கு முன் உன் விரல் இருக்கும் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, கீழே உன் பெயர் போட்டு, அவர் கேபினுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டேன். ஆடிட்டர் பாராட்டிய படத்தை எப்படிக் கழற்றச் சொல்வார்?

எனக்கு இது போதாது, மச்சான். வருகிற ஆயுதபூஜைக்குக் குடும்பத்தையெல்லாம் உள்ளே விடுவார்கள் அல்லவா? பேரிகையில் உன் வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டி வருவேன். அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்துவேன். அந்த ஆள் தன் கையாலேயே அம்மாவுக்குப் பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுக்க வேண்டும். அப்போது நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். பாக்கெட்டை விட்டு வெளியே வரும் அவர் கட்டைவிரலைத்தான் பார்ப்பேன். இது சத்தியம்.

உன் அம்மாவுக்கு இப்போதிருக்கும் ஒரே மகன்,
மாதேஷ்