தலையை ஆட்டினாய்

ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறவனுக்கு,

ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து எல்லா ஜாடியிலும் அடைத்துவிட்டேன். இனி அடைக்க ஒன்றுமில்லை. உட்காரவும் முடியவில்லை.

வயிற்றுப் பிள்ளைக்காக எடுத்த ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறதாம், படுக்கையில் ஒட்டிக்கொள்ளும் நோய்.

டாக்டர் பெனேவா ஊசி போட்டார். "இது ஊசியில போயிடும்மா, பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா இந்த நோயோட புண்ணு இருந்தா எச்ஐவிக்குக் கதவைத் தொறந்து வெச்ச மாதிரி. அதையும் பாத்துடணும்" என்றார். பார்த்தார்கள். இப்போதைக்கு இல்லை, சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். "உன் வீட்டுக்காரர் ரத்தம் பாத்தாரா?" என்று கேட்டார். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

கோடையில் நீ வந்திருந்தபோது, "அங்க யாராவது இருக்காளா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ தலையை இடமும் வலமும் ஆட்டினாய். நம் ஊர் ரூசேயில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். ஜெர்மன்காரர்களோடு பழகிப் பழகி அவர்கள் மாதிரி 'இல்லை' என்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். "தலையாட்டக்கூட மறந்துட்டியே, மாடு!" என்று சிரித்துக்கொண்டே உனக்குத் தயிர் சூப் ஊற்றினேன். நீயும் பேசாமல் குடித்தாய்.

இதற்குப் பதில் எழுதாதே. முதலில் அங்கேயே ரத்தம் கொடு, இரண்டுக்கும் பார்க்கச் சொல். அவள் இருந்தால், அவளையும் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல். பிறகு ஃபோன் செய்.

ஃபோனில் தலையாட்ட முடியாது.

உன் பிள்ளையைச் சுமக்கிறவள்