ஒரு பகலில் நெய்த துணி

1943 மார்ச் 2, செவ்வாய்

ஒரு பெண்ணை ஒளித்து வைப்பதற்காக ஒரு ஊரையே பணயம் வைக்க யாருக்கு உரிமை உண்டு? டிசம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரிந்தவள்போல் நடந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

அவள் பெயரை எழுத மாட்டேன். மின்ஸ்கில் என் தாவரவியல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் சந்தேகப்பட்ட மாணவி. யூதப் பெண். இப்போது உலியானா வீட்டு அடுப்பறைத் தரைக்குக் கீழே, உருளைக்கிழங்குக் குழியில் இருக்கிறாள். உலியானா, இறந்துபோன என் கணவரின் தங்கை. நானும் இங்கே ஒண்ட வந்தவள்தான். ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தால் எங்களோடு நிறுத்த மாட்டார்கள். ஊரைக் கொளுத்துவார்கள். இருபத்தெட்டு வீடுகள். எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

தெற்கே புகை.

மார்ச் 4

எரிந்தது பக்கத்து ஊர் சோஸ்னவா. ஆட்களைத் தானியக் களஞ்சியத்தில் அடைத்து, வெளியே தாழ் போட்டு —

போதும்.

மார்ச் 7, ஞாயிறு

அவுஹின்யா வந்திருந்தாள். இந்த லசோவ்காவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள். அவள் சொன்னால் ஊர் கேட்கும்.

"வியாழக்கிழமை துணி நெய்யறோம். விடிஞ்சதும் ஆரம்பிச்சுப் பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். எல்லாரும் வரணும். நீங்களும்தான், டீச்சரம்மா."

ஆளிச்செடி நாரை நூற்பது, நூலைத் தறிக்கு நீட்டிப் பாவு ஓட்டுவது, நெய்வது எல்லாம் ஒரே பகலில். ஊரில் உள்ள எல்லாப் பெண்களின் கையும் பட வேண்டும். கைக்குழந்தையின் விரலிலும் நூலைச் சுற்றி எடுப்பார்கள். பிறகு துணியைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து, ஆட்களும் மாடுகளும் அதன் கீழே நுழைந்து போக வேண்டும். சாவு உள்ளே வராதாம். முன்னோர்கள் சதுப்பை வெட்டிக் குடியேறிய நாளிலிருந்து மூன்று முறை நெய்திருக்கிறார்கள்: காலராவுக்கு, மாட்டு நோய்க்கு, போன ஜெர்மன் சண்டைக்கு.

காலரா வந்த வருடத்துச் சிலுவைகளைக் கல்லறையில் பார்த்திருக்கிறேன். பாதி ஊர் செத்திருக்கிறது. சொன்னேன்.

"நெய்யலேன்னா மீதிப் பாதியும் போயிருக்கும்," என்றாள்.



மார்ச் 9

உலியானா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்று வெடித்துவிட்டாள்.

"அண்ணி, அவளும் இந்த ஊருக்குள்ளதானே இருக்கா? அவ கை படலேன்னா துணி எப்படி நிக்கும்?"

"அது வெறும் நாரு, உலியானா. அதுக்குக் கணக்குப் பாக்கத் தெரியாது."

"உங்களுக்கு எல்லாம் நாருதான்! ஊருப் புள்ளைங்க செத்தா அந்தப் பாவம் என் தலையிலதானே விழும்?"

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது: "சண்டை போடாதீங்க. கொஞ்சம் நாரு கீழ தள்ளுங்க, திரிச்சுத் தரேன். ஆனா என் நூலு பட்டா உங்க சாமி கோவிச்சுக்காதா?" கேலி செய்கிறாள். இரண்டரை மாத இருட்டுக்குப் பிறகும் கேலி.

அப்படியே செய்வது என்று முடிவானது. உலியானா தலையாட்டினாள்.

மார்ச் 10

நூல் தயார். முடிச்சு முடிச்சாக, கேவலமான நூல்.

மார்ச் 11, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அவுஹின்யா வீட்டில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தோம். ராட்டைச் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. எனக்கு நூற்க வராது. "டீச்சரம்மா, நாரைத்தான் திரிக்கச் சொன்னோம், கழுத்தை இல்ல," என்றாள் ஸ்தெஃபா. எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தெஃபாவின் புருஷன் ரிஹோர். ஜெர்மானியர்களிடம் போலீஸ் வேலை.

பாவு ஓட்டும் முன் அவுஹின்யா கேட்டாள்: "எல்லாரும் வந்தாச்சா? யாராவது பாக்கியா?"

அந்த நூல் உலியானாவின் மடியில்தான் இருந்தது. பேசாமல் கொடுத்திருக்கலாம். எழுந்து நின்றாள்.

"ஒருத்தி பாக்கி. என் வீட்டுல. தரைக்குக் கீழ."

ராட்டைகள் நின்றன. ஏன்? ஏன் சொன்னாய், பாவி? — எனக்குத் தெரியும் ஏன். முந்தின நாள் திரித்த நூலும் பொய்யும் கலந்தால் துணி நிற்காது என்று பயந்தாள். ஊரைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ஒருத்தி, "எங்களையெல்லாம் கொல்லப் பாத்தியாடி," என்று உலியானாவின் முடியைப் பிடித்தாள். அவுஹின்யா தடுத்தாள். என்னைப் பார்த்து, "போய்க் கூட்டிட்டு வாங்க. பொழுது போயிட்டிருக்கு," என்றாள்.

உலியானாவின் சால்வையைப் போர்த்தி, தெரு வழியே, பட்டப்பகலில் கூட்டிவந்தேன். பனி வெளிச்சத்தில் அவளுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஸ்தெஃபாவின் பக்கத்தில்தான் இடம் இருந்தது. இவள் நாரை எடுத்துத் திரிக்க ஆரம்பித்தாள். பிறகு ஸ்தெஃபா அவள் கையைப் பிடித்து நூலைச் சரிசெய்தாள்.

"இப்படிப் புடி, பொண்ணே. இது என்ன, கயிறா?"

"மாடு கட்ட ஆகும்," என்றாள் இவள்.

ஸ்தெஃபா சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொழுது சாயும் முன் முடிந்தது. ஊரைச் சுற்றி வந்தோம். அவளும் துணிக்குக் கீழே நுழைந்து போனாள். ஊர் முகப்பில் நிற்கும் சிலுவையில் துணியைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது, இன்றே அவளைக் காட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று அவுஹின்யாவிடம் கேட்டேன்.

"பனியில காலடி தெரியும். நேரா நம்ம ஊருக்குத்தான் வழி காட்டும். துணிக்குக் கீழ நுழைஞ்சுட்டா இல்ல, இனி நம்ம ஊருப் பொண்ணு. யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது: நான் நம்பினேன். துணியை அல்ல, அவர்கள் சிரித்ததை.

மார்ச் 12, வெள்ளி

காலையில் ரிஹோர் இரண்டு ஜெர்மானியர்களோடு வந்தான். வேறெந்த வாசலிலும் நிற்கவில்லை. அடுப்பறைப் பலகையைத் தானே தூக்கினான்.

உலியானா முந்திக்கொண்டாள். "வீடு என்னுது. நான்தான் வெச்சிருந்தேன். இவங்க ஒண்ட வந்தவங்க. ஒண்ணும் தெரியாது."

நேற்று தெரு வழியே அவளைக் கூட்டிவந்தது நான் என்று ரிஹோருக்குத் தெரியாமல் இருக்காது. என்னைப் பார்த்தான். உலியானா சொன்னதை அப்படியே ஜெர்மனில் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை.

இருவரையும் வெளியே கொண்டுபோனபோது ரிஹோர் என் அருகில் நின்று தாழ்ந்த குரலில் பேசினான். "நாளைக்கு எரிக்க இருந்தது நம்ம ஊருதான், டீச்சரம்மா. ஒரு வீட்டைக் குடுத்து மீதிய வாங்கியிருக்கேன். என் புள்ளைங்களும் இங்கதான் இருக்கு."

களத்துக்குப் பின்னால் சுட்டார்கள். உலியானாவின் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அவள் பெயர் ஃப்ரூமா. இனி எழுதலாம்.

மண் உறைந்திருந்தது. பெண்கள் எல்லோரும் வந்து நெருப்பு மூட்டி மண்ணை இளக்கித் தோண்டினோம். குழிக்கரையில் ஒருத்தி, "எப்படியோ, துணி ஊரைக் காப்பாத்திடுச்சு," என்றாள். அவுஹின்யா அவளை அறைந்தாள்.

சாயங்காலம் ஸ்தெஃபா ஒரு செம்பில் பால் கொண்டுவந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"சூடா இருக்கு," என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் போகும்வரை கையில் வைத்திருந்தேன். பிறகு குடித்தேன்.