சிலம்பாயியின் கின்னரியைத் திருப்பித் தரும்படி பணித்த ஓலை

நன்று நிலைபெறுக. மூன்று ஆறும் ஏழு குன்றமும் தன் குடைக்கீழ் வைத்துக் காக்கும் கருமுகில் நாட்டுக் கோமான் செங்கோடர் அருளாணை பெற்று, அவர்தம் முதலமைச்சன் தாழன், ஆழிமாநகர் ஆடலரங்கத்தின் தலைவரும், பண்ணும் திறமும் பழுதறக் கற்றவரும், முத்துச்சிவிகை பெற்றவருமாகிய சாத்தழகனார்க்கு விடுக்கும் ஓலை. உமது அரங்கின் விளக்குகள் எண்ணெய் வற்றாதிருக்க. உமது மாணாக்கர் தொண்டை கட்டாதிருக்க. உமது மனையில் அனைவரும் நலம் பெறுக.

உமது ஓலை நேற்றுப் பகலில் வந்தது. கொம்பன் பாறைக் கின்னரிக்காரி சிலம்பாயி, கோமான் வீற்றிருந்த பேரவையில் பாட்டைப் பாதியில் விட்டு மேடையிலிருந்து இறங்கி ஓடி அவையை அவமதித்தாள் என்றும், அவளுக்கென முடிவு செய்த இசைத்திலகப் பட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றும், பாட்டின் நடுவே அவள் விடும் வெற்றிடங்களை உமது மாணாக்கர் பாடி நிரப்ப அவள் இசையும்வரை அவளுடைய கின்னரி அரங்கக் காப்பறையிலேயே இருக்கும் என்றும் எழுதியிருந்தீர். எழுத்து அழகு. காரியம் சரியில்லை. அந்த வெற்றிடம் எதற்கென்று உமக்கு எவரும் சொல்லாதது உம் பிழையன்று. சொல்லவேண்டியவன் நான்.

நான் வடத்தார் வீட்டுப் பிள்ளை. பட்டு உடுத்தி முப்பது ஆண்டு ஆனதால் பலர் மறந்திருக்கலாம். என் உள்ளங்கை மறக்கவில்லை. பாறையில் வெட்டிய கல்லை உருளைக்கட்டைகளின்மேல் ஏற்றி, இரண்டு வடம் கட்டி, வடத்துக்கு இருபதுபேராக இழுத்து நகருக்குக் கொண்டுவருவது எங்கள் குலத்தொழில். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் காலூன்றி இழுத்தால் கல் ஒரு முழம் நகரும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் நகராது. அந்தக் காலடியைச் சேர்த்துவைப்பதற்குத்தான் கின்னரி. சிரட்டைக்கு உடும்புத்தோல் போர்த்தி, மூங்கிலில் இரண்டு நரம்பு முறுக்கி, குதிரைமயிர் வில்லால் இழைப்பது. கின்னரிக்காரர் இழுபடும் கல்லின்மேலேயே எங்களைப் பார்த்து அமர்ந்திருப்பார்.

சிலம்பாயி முதன்முதலில் கல்லில் ஏறியபோது அவளுக்கு இருபது வயதிருக்கும். அவள் வில்லுக்கு மயிர் வந்தது அயல்நாட்டுத் தூதரின் வெண்குதிரை வாலிலிருந்து. வால் குட்டையானதன் காரணத்தைத் தூதர் கடைசிவரை அறியவில்லை. இனி அறிந்தாலும் பயனில்லை. வடத்தின் தலைமாட்டில் நிற்கும் பேயாண்டி முதல்நாளே அவளைச் சீண்டினான். "ஏத்தா, நாளையிலேருந்து களியில ஒரு உருண்டை குறைச்சுக்க. கல்லுக் கனமே எங்களுக்குப் போதும்" என்றான். அடுத்த அடியிலேயே, பேயாண்டி வடத்தை இழுக்கிறானா, விழாமலிருக்க வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா என்று கேட்டுப் பாட்டில் வைத்தாள். நாற்பது பேரும் சிரித்ததில் கல் அரைநாழிகை நகரவில்லை. அதற்கு அவளுக்கும் சேர்த்துத்தான் திட்டு விழுந்தது.

அவள் வழக்கம் ஒரு கல்லுக்கு ஒரு பாட்டு. பாறையில் கல் அசையும்போது முதலடி பிறக்கும். வழியில் நடப்பதெல்லாம், எவன் மாமியாரோடு சண்டை, எவளுக்குப் பிரசவம், எந்த மேட்டில் எவன் வழுக்கினான் என்பதெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். கல் தன் இடத்தில் அமர்ந்ததும் பாட்டு முடியும். முப்பத்தெட்டு ஆண்டில் இருநூற்றுக்கு மேற்பட்ட பாட்டு. நீர் இந்நகரில் நடக்கையில் மதிலைப் பார்ப்பீர். நான் கீழைவாயிலைக் கடக்கும்போதெல்லாம் இடப்பக்கத்துக் கல் பேயாண்டியின் கல்யாணத்தைச் சொல்லும், வலப்பக்கத்துக் கல் அந்த ஆண்டின் கோடைமழையைச் சொல்லும். சிவிகையில் போகும் அமைச்சன் தனக்குத்தானே சிரிக்கிறான் என்று காவலர் பேசிக்கொள்வது என் காதுக்கு எட்டாமலில்லை.

வெற்றிடத்துக்கு வருகிறேன். நான்கடிக்கு ஒருமுறை அவள் வில்லைத் தூக்கி, "எல்லாரும் இருக்கீகளா?" என்று கேட்பாள். நாற்பது குரலும் "இருக்கோம்" என்று சொல்லவேண்டும். உமது அரங்கில் அது பாட்டுக்கு அழகாகத் தோன்றும். எங்களுக்கு அது தலையெண்ணுவது. ஒரு மறுகுரல் குறைந்தாலும் யாரோ கல்லுக்கு அடியில் கிடக்கிறார் என்று பொருள். அந்தக் கணமே வில் கீழே போகும், வடம் நிற்கும், கின்னரிக்காரர் கல்லிலிருந்து குதித்து ஓடிப் பார்ப்பார். இது எலும்பில் ஊறிய பழக்கம், யோசித்துச் செய்வதன்று.

இப்போது கோமான் அமரும் அரியணையின் பீடக்கல்லை இழுத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இடவடத்தில் மூன்றாம் இடம் என்னுடையது. நல்லாற்று இறக்கத்தில் கட்டை புரண்டு என் இடக்கால் கல்லுக்கும் தரைக்கும் நடுவே போனது. வலியில் எனக்குக் குரல் எழவில்லை. முப்பத்தொன்பது பேர் "இருக்கோம்" என்று முழங்கினார்கள். அத்தனை முழக்கத்தில் ஒரு குரல் குறைவதை அவள் காது கண்டது. வில்லைப் போட்டுவிட்டு, "தாழன் சத்தம் வரல, நிறுத்துங்க" என்றாள். இரண்டு கால்விரலோடு போனது. கல் இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் நான் போயிருப்பேன். நொண்டிக்கு வடத்தில் இடமில்லை என்று அளவுகோலைக் கையில் கொடுத்தார்கள். அளவுகோல் எழுத்தாணி ஆயிற்று, எழுத்தாணி இந்த இலச்சினை ஆயிற்று. இதற்குமேல் என் வரலாறு இல்லை.

அந்தப் பீடக்கல்லின் பாட்டைத்தான் கோமான் விரும்பிக் கேட்க, அவள் உமது அரங்கில் பாடினாள். நான்காம் அடியில் வில்லைத் தூக்கி, எல்லாரும் இருக்கீகளா என்று கேட்டாள். ஐந்நூறு பேர் அமர்ந்த அவை, நல்ல அவை, மரியாதையாக வாய்மூடி இருந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கின்னரியைக் கிடத்திவிட்டுக் கீழே குதித்து, வரிசை வரிசையாக ஒவ்வொருவர் காலடியையும் குனிந்து பார்த்துக்கொண்டே, "யாரு? அடியில யாரு?" என்று கேட்டுக்கொண்டு ஓடினாள். அவை சிரித்தது. ஓர் இளங்குறுநிலக்கோ அவள் ஓடியதுபோல் ஓடிக்காட்டி இன்னொரு சிரிப்பும் வாங்கிக்கொண்டான்.

நான் இரண்டாம் தூணருகே அமர்ந்திருந்தேன். மறுமொழி என் தொண்டையில் இருந்தது. முதலமைச்சன் அவை நடுவில் வடத்தான்போல் கத்துவதா என்று ஒரு நினைப்பு வந்து அதை அமுக்கியது. அவ்வளவே. அவையை அவமதித்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் சிலம்பாயி அல்லர்.

இன்று காலை விருந்தினர் மனைக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. "சனம் சிரிச்சதுக்கு நான் வருத்தப்படல, தாழா. அவுகளுக்கு என்ன தெரியும்? ஆனா நீ உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரியும். ஒருத்தன் குரலாவது வரும்னு நினைச்சேன். வரல. அப்ப நீதான் மறுபடி அடியில கிடக்குறன்னு நினைச்சுத்தான் ஓடினேன்" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அதை எந்தக் கல்லில் வைப்பது என்று திருப்பிக் கேட்டாள். நாற்பது பேரையும் அரங்குக்கு அழைத்து உட்காரவைத்தால் பாடுவாளா என்றேன். பீடக்கல் உட்கார்ந்தாயிற்று, இனி அதற்குப் பாட்டு வேண்டாம் என்றும், நல்லாற்று மதகுக்கல்தான் ஒன்பது நாளாக வழியில் நிற்கிறது என்றும், கின்னரி கைக்கு வந்தால் போதும் என்றும் சொன்னாள். அது உண்மை. அவள் இல்லாமல் பறை வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறான் பேயாண்டி. உருளைக்கட்டை இரண்டு பிளந்ததோடு நிறுத்திவிட்டான். மழைக்கு முன் மதகு அடைபடாவிட்டால் கீழே பன்னிரண்டு ஊர் தண்ணீரில் நிற்கும்.

ஆகவே, கோமான் திருச்செவியில் இவ்வனைத்தையும் ஒளிக்காமல் சொல்லி, அவர் வாய்மொழி பெற்று விடுக்கும் ஆணை இது. இவ்வோலை கண்ட நாழிகையில் கின்னரியையும் வில்லையும் காப்பறையிலிருந்து எடுத்து, ஆள்வசம் அனுப்பாமல், நீரே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பீராக. வெற்றிடங்களை நிரப்பப் பயின்ற மாணாக்கரை அப்பயிற்சியிலிருந்து விடுவிப்பீராக. அவள் பாட்டைக் கேட்க விரும்பும் அவையோர், ஓடிக்காட்டிய இளங்கோ உட்பட, நாளை மறுநாள் காலை நல்லாற்று இறக்கத்துக்கு வந்து வடம் பிடித்துக் கேட்கலாம். செருப்பு ஆகாது. நீரும் வந்தால் மகிழ்வேன்; உமது குரல் பெரியது.

இடவடத்தில் மூன்றாம் இடத்தில் எவரையும் நிறுத்தவேண்டாம் என்று பேயாண்டிக்குத் தனியே ஆள் அனுப்பியிருக்கிறேன். எட்டுக் கால்விரலோடு எவ்வளவு இழுக்கமுடியும் என்று அவன் கேட்டனுப்பினான். இழுப்பது எவ்வளவோ, அவள் கேட்கும்போது இருக்கேன் என்று சொல்ல ஒரு வாய் அங்கே இருக்கும் என்று சொல்லியனுப்பினேன்.

கல்லும் வடமும் பொறித்த முதலமைச்சின் இலச்சினை இட்டு, என் கையாலேயே கீறி முடித்தேன். கேட்டவர் வழிப்படுக. வடம் அறாதிருக்க.