மாஸ்டர் தொப்பையில் விரிந்த மர்ஹபா

9-8-1994, செவ்வாய்

பொழுது போகாமல் அரபு எழுத்துகளைக் கிறுக்குகிறேன் என்று நல்லூரில் பேச்சு. தவறு. பேனா முனை வைக்கும் புள்ளியை அளவாகக் கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் வரைகிறேன். கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிய கை கிறுக்காது.

மகனின் கம்பெனியிலிருந்து துபாய்க்குப் போகும் பனியனில் 'மர்ஹபா' என்ற வரவேற்புச் சொல். என் எழுத்து தேறாவிட்டால் மகன் பம்பாய் ஓவியரிடம் கொடுத்துவிடுவான். இன்று அச்சானதைப் பார்த்து, "நெருக்கமா இருக்குதுங்கம்மா. இழுத்து உட்ரலாமுங்களா?" என்றார் பிரிண்டிங் மாஸ்டர்.

"அந்தப் பனியனைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றேன்.

போட்டார். அவருடைய தொப்பையில் துணி விரிந்தது. எழுத்துகளை இணைக்கும் கோடு நான் நினைத்த நீளத்துக்கு வந்தது. பனியன் விரியும் என்று தெரிந்துதான் அதைக் குறுக்கி வரைந்திருந்தேன்.

"ஏனுங்கம்மா, என்ற தொப்பைய அளந்துங்களா எழுதுனீங்க?"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பம்பாய் பேச்சையே எடுக்கவில்லை. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். என் கணவர் போனபின் இப்படிச் சிரித்ததில்லை.

நாளை மாதிரி பனியனுடன் என் கடிதமும் துபாயில் அதை வாங்கும் வியாபாரிக்குப் போகும். கடைசி வரியை இப்போதே எழுதிப் பார்க்கிறேன்: போனில் பாராட்ட வேண்டாம். எந்த எழுத்து சரி, எது கோணல் என்று கடிதத்தில் பதில் எழுதவும்.