பெட்டிக்காரர் மகள்

காலையில் நம் ஃப்ரீசர் பெட்டியைக் கொல்லைப்பக்கம் இறக்கிக் கழுவினோம். கண்ணாடி மூடியைத் திறந்ததும் அந்த வாசனை குப்பென்று வந்தது. வாடின ரோஜா மாலை, ஊதுபத்தி, பன்னீர். எத்தனை முறை பினாயில் ஊற்றித் துடைத்தாலும் போகாது. இருபது வருஷமாக உங்கள் சட்டையில் இருந்த வாசனைதான் அது. நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். மகள் சங்கீதா நின்றுகொண்டிருந்தாள், உங்களைப் போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தெரியுமா? பிள்ளைகளைத் தொழிலுக்குப் பழக்காதவர்கள் யார்? ரெட்டியார்பாளையத்தில் நம் தெருவிலேயே மளிகைக்கடைக்காரர் மகன் பொட்டலம் கட்டுகிறான், துணிக்கடைக்காரர் மகள் பில் போடுகிறாள். நீங்களோ எட்டாவது படிக்கிற பெண்ணைச் சாவு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். அதுவும் பரீட்சை லீவில், பெட்டி ஏற்றின குட்டியானை வண்டியில், முன்சீட்டில் உட்காரவைத்து. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கப்புறம் யாரு பாக்கறது? ஷாமியானா, சேரெல்லாம் எவன் வேணாலும் தூக்குவான். அங்க எப்படி நிக்கணும்னு கூட இருந்து பாத்தாதான் வரும்" என்றீர்கள்.

முதலில் போனது கடற்கரைப் பக்கத்தில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய ஓர் அம்மாவின் வீடு. மகன் பாரீசிலிருந்து வந்து சேரும்வரை பெட்டி அங்கேயே இருந்தது. மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் தினமும் சாயங்காலம் அவளையும் கூட்டிப்போனீர்கள். வந்ததும் என்னிடம் ஒப்பிப்பாள். செருப்பை எங்கே விடுவது, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று எவ்வளவு மெதுவாகக் கேட்பது, கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லாமல் வருவது, வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவது. அந்த மகன் வந்து பெட்டிமேல் விழுந்து அழுதபோது இவளும் தேம்பிவிட்டாளாம். திரும்பும்போது வண்டியில் நீங்கள் சொன்னதையும் சொன்னாள். "நாம அங்க அழக்கூடாதும்மா. அது அவங்க வீட்டு அழுகை. நாமளும் அழுதா அவங்க யாரப் புடிச்சிக்கினு நிப்பாங்க?"

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவள் அழவில்லை. காலேஜ் முடித்தாள். பேங்க் பரீட்சைக்குப் படி என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாளா? அப்பாவும் மகளும் வண்டியேறிப் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், சொன்னால் என்ன.

அப்புறம் உங்கள் முறை வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவரும்போது, பெட்டியை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று என் தம்பி சொன்னான். நம்முடையது இருக்கும்போது எதற்கு மாமா என்று சங்கீதாவே ஆட்களைக் கூட்டி வந்து கூடத்தில் இறக்கினாள். கண்ணாடியைத் துடைத்தாள். ஒயர் யார் காலிலும் தட்டாமல் சுவரோரமாக விட்டாள். பிறகு என் முன்னால் வந்து குனிந்து, எல்லா வீட்டிலும் கேட்கிற அதே அடங்கின குரலில் கேட்டாள்.

"உங்க வழக்கத்துல தலை எந்தப் பக்கம்மா?"

உங்க வழக்கமாம்! பெற்ற தாயிடம் கேட்கிறாள். தெற்குப் பக்கம் கையைக் காட்டினேன். உங்களை வைத்து மூடியை இறக்கிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நின்றாள். எடுக்கும்போது அழவில்லை. காரியம் முடிந்தும் அழவில்லை. "கல்லாட்டம் நிக்குதே" என்று உங்கள் அக்கா என் காதுபடவே சொன்னார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் பயந்துகொண்டேதான் இருந்தேன். போன் வந்தால் "சொல்லுங்கய்யா" என்கிறாள். உங்கள் இழுப்பு, உங்கள் நிதானம். சமையல்கட்டில் இருக்கிற எனக்கு நீங்கள்தான் பேசுகிறீர்கள். சாப்பிட உங்கள் இடத்தில்தான் உட்காருகிறாள். தொழிலுக்கு வாரிசு வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தயார் செய்தீர்களே, எனக்கு மகளாக இருக்க அவளிடம் எதையாவது மிச்சம் வைத்தீர்களா? பெட்டியை விற்றுவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அப்பா இருந்தால் விற்பாரா என்று கேட்டாள்.

முந்தாநாள் தவளக்குப்பத்திலிருந்து போன் வந்தது. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பியவள் கொல்லைப்பக்கம் போகவில்லை. குளிக்காமல் கொள்ளாமல் நேராகச் சமையல்கட்டுக்குள் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"மூடப்போற நேரத்துல அந்தம்மா என் கையப் புடிச்சிக்கினாங்கம்மா. அவருக்குக் குளிர் ஆகாது கண்ணு, கொஞ்சம் கம்மியா வைக்க முடியுமான்னு கேட்டாங்க. எங்கப்பாவுக்கும் ஆகாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என்னால முடியல."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். புருஷனைப் பறிகொடுத்தவள் இவளை மடியில் சாய்த்து முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறாள். யார் வீட்டுப் பெண் என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டதற்கு இவளே, பெட்டிக்காரர் மகள் என்றாளாம். என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி உடைந்துவிட்டாள். தீட்டாவது ஒன்றாவது என்று நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேரும் உங்களுக்காகச் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. நாளைக்குப் போன் வந்தால் அவள் போகத்தான் போவாள். இனி நான் வாசலை மறிக்கமாட்டேன்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். சித்திரை மாசத்திலும் போர்வை கேட்கிற மனுஷன் நீங்கள். அன்றைக்கு மூடியை இறக்கும்போது, கொஞ்சம் கம்மியா வை என்று எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. பெட்டிக்காரர் பெண்டாட்டி அப்படிக் கேட்கலாமா என்று விழுங்கிவிட்டேன். இப்போதும் விடியற்காலையில் விழிப்பு வந்தால், உங்கள் போர்வையை எடுத்துக்கொண்டு கூடத்தில் பெட்டி இருந்த இடம் வரைக்கும் போய்விடுகிறேன்.