தொட்டியோரம் வந்து பார்க்கட்டும்

காலடிப்பேட்டை,
12-6-1974

அன்புள்ள அப்பாவுக்கு ஜெயக்கொடி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் எனக்கு உரக் கம்பெனி ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டீர்களாம். அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். கம்பெனி அதுதான், ஆனால் நான் வேலை பார்ப்பது அதன் கழிவுநீர்த் தொட்டியில். அந்த நீரிலுள்ள அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதற்கு அவற்றுக்கு ஓயாமல் காற்று வேண்டும். அது குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

போன வாரம் மின்வெட்டில் காற்று ஊதும் மோட்டார் நின்றுபோனது. மறுநாள் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. மோட்டார் பார்க்கும் சிலுவைமுத்து அண்ணன், "இன்னாம்மா, உன் பூச்சிங்கல்லாம் மூச்சு முட்டி செத்துப் பூட்ச்சா?" என்று கேட்டார். "பாதி உசுரோடதாண்ணே கெடக்கு, காப்பாத்திருவேன்" என்றேன். எனக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். பயப்பட வேண்டாம்.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். அவை தேறும்வரை நான் ஊருக்கு வருவதாக இல்லை. பெண் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் இங்கே வரட்டும்.

நம் கடைக் கருப்பட்டி கொஞ்சம் அனுப்புங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும், ஜன்னலுக்குத் திரை போட. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. மாப்பிள்ளையைத் தொட்டியோரமே நிற்க வைத்துப் பேசுவேன். பாக்டீரியாக்களுக்குக் காற்று சரியாகக் கிடைத்தால் அங்கே ஈர மண் வாசனைதான் வரும். அதற்கும் மூக்கைப் பொத்துகிறவர் எனக்கு வேண்டாம்.

உங்கள் மகள்,
ஜெயக்கொடி